படை அகன்ற விதம்

ஒரு சேனையின் பெருமையை அது பிறர் நாட்டிற் புகும் விதங்கொண்டு அளப்பதே உலக வழக்கு. அகலும் விதங்கொண்டே அளத்தல் வேண்டும் என்பது நமது துணிபு. இதற்குச் சான்றாக, வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் 1944-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு போரை எடுத்துக்கொள்வோம்.

அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் தேதி, சேனாதிபதி மெரெட்ஸ்காவின் கீழிருந்த ருஷியப் படை, மூன்றாண்டுகளாக அங்கு வேரூன்றியிருந்த ஜெர்மானியரைத் தாக்கிற்று. பாறையும் சதுப்புமாய்க் கிடந்த அந்நிலத்தில் சாலைகள் மிக அரிய. வழியை வெட்டிக்கொண்டே படை முன்னேறிற்று. 15-ஆம் தேதி பெட்சமோவும், 25-ஆம் தேதி நார்வே நாட்டுக் கிர்க்கெனெஸும் அதன் கைப்பட்டன.

ருஷிய விமானக் குண்டுகளால் முன்னரே சிதைந்திருந்த கிர்க்கெனெஸை, அகன்று சென்ற ஜெர்மானியர் எரியூட்டினர். அவ்வமயம் ஏறக்குறைய 3,000 மக்கள் அருகிலிருந்த இரும்புச் சுரங்கத்துள் ஒடுங்கிக் கிடந்தனர். அவ்விருளிலே குழந்தைகளும் பிறந்தன. அம்மாதம் 28-ஆம் தேதி, வடநார்வே மக்கள் அனைவரையும் வெளியேற்றி வீடுகளை அழிக்குமாறு ஹிட்லர் ஆணையிட்டான். சுமார் 50,000 பேர் துரத்தப்பட்டனர். எஞ்சியோர் குகைகளிலும் மண்குடில்களிலும் ஒளிந்து, அக்கொடிய குளிர்காலத்தைக் கழித்தனர்.

பின்தொடரும் பகைவனுக்குத் தங்குமிடம் இல்லாதாக்குதல் போர்முறையே என்பார் உளர். ஆனால் ருஷியப் பெரும்படையோ நார்வேயின் கீழ்க்கோடியிலேயே நின்றுவிட்டது. அவ்வாறாயின் எரிந்த வீடுகளால் துன்புற்றவர் யாவர்? மீனவரும் உழவரும் அவர்தம் மக்களுமே அன்றோ! 'எரிபரந்தெடுத்தல்' என்பதை வஞ்சித்திணையின் துறையாகப் பயிலும் நாம், அதனை வீரமென்றே கருதிவிடுகிறோம். எரிந்த கூரையின் கீழ் வாழ்ந்தவரையும் ஒருகால் எண்ணிப் பார்த்தல் நமது கடனாம்.

ருஷியரோ 1945 செப்டம்பரில் நார்வேயை அந்நாட்டவரிடமே விட்டு அகன்றனர். இது போற்றத்தக்கதே. எனினும், நிக்கல் விளையும் பெட்சமோவைப் பின்லாந்திடமிருந்து பெற்றுத் தமதாக்கிக்கொண்டமையால், அவரையும் முற்றப் புகழ்தற்கில்லை.

ஊரைப் பிடித்த நாட்களைச் சரித்திர நூல்கள் தவறாது குறிக்கின்றன. பிடித்த ஊரை எவ்வாறு விட்டுச் சென்றனர் என்பதையும் நாம் கேட்கப் பழகுவோமாக. வாகை சூடத் தக்கவர் யாவர் என்பது அவ்வினாவின் விடையால் விளங்கும்.