யார் இட்ட முதல்?

உலக நாடுகளின் பொருளாதார வளர்ச்சிக்குப் பெரிதும் துணைநிற்பது அரசாங்க முதலீடா, தனியார் முதலீடா என்னும் வினா அறிஞர் அவைகளிலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இருதிறத்தாரும் தத்தம் கட்சியை நிறுவுதற்குப் பிறநாட்டு உதாரணங்களைத் தேடி அலைகின்றனர். அத்துணைத் தூரம் செல்லவேண்டுவதில்லை. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே, மகாவலி கங்கையின் மருங்கில் அமைந்த எமது கெலிஓயாவில் நின்று நாற்புறமும் நோக்கினாற் போதும். இருநூறு ஆண்டு முதலீட்டு வரலாறு ஒரு நாட் பயணத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

அரசின் கடமையை வள்ளுவப் பெருந்தகை நான்காக வகுத்துக் காட்டினார். பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வந்ததைத் திரட்டுதல், திரட்டியதைப் பேணுதல், பேணியதை முறையறிந்து பகிர்தல் என்பன அவை. இவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதனை மாணாக்கர் ஊன்றி நோக்குதல் வேண்டும். இறுதியிலுள்ள பகிர்தல் பிழைக்குமாயின், முன்னைய மூன்றும் பயனற்றுப் போம். இவ்வளவுகோலையே நாமும் கைக்கொள்வோம்.

கம்பளையை அடுத்த சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் 1820களிற் கோப்பித் தோட்டம் அமைத்தார். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். இவற்றைத் தனியார் முயற்சியின் வெற்றியெனப் பலர் போற்றுவர். ஆயின், கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி சமைத்தது அரசாங்கம். கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வையை நீக்கியதும் அரசாங்கம். காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கிய 1840ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றித் துரைமார்க்கு நிலம் கிடைக்க வழிசெய்ததும் அரசாங்கமே. கண்டி நாட்டுக் குடியானவர் தம் மேய்ச்சல் நிலத்தையும் சேனையையும் இழந்தது அக்கணக்கில் ஏறவில்லை.

புகையிரதத்தின் கதையும் இத்தகையதே. இலங்கைப் புகையிரதக் கம்பனி 1845இல் இங்கிலாந்தில் நிறுவப்பெற்றது. எதிர்பார்த்ததினும் செலவு பன்மடங்கு ஏறவே, கம்பனியாரால் அவ்வேலையை நிறைவேற்ற இயலவில்லை. பின்னர் அரசாங்கமே பொறுப்பேற்று 1867இற் கண்டிவரை பாதையை முடித்தது. 1874இல் அது எமது ஊரைக் கடந்து நாவலப்பிட்டியை எட்டிற்று. இலாபம் உறுதியாகத் தோன்றாத இடத்திற் பொதுப்பணம் முன்செல்லும். பாதை திறந்தபின் தனியார் பணம் அதன்மேல் ஊர்ந்து வரும். உலகின் பல பகுதிகளிலும் இதுவே நடைமுறை என்பது எமது துணிபு.

இனி, இவ்விரு முதலுக்கும் அப்பால் மூன்றாவது முதல் ஒன்றுண்டு. கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழி கால்நடையாக வந்து, நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் போக எஞ்சியோர் இட்ட உழைப்பே அது. அவர்தம் பயணச் செலவும் அவர் தலையிலேயே கடனாகச் சுமத்தப்பெற்றது. ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்துக்குக் கடனோடு ஆளையும் மாற்றிய துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. துரை இலண்டனிற் கடன் பெற்று முதலிட்டார். தொழிலாளியோ கங்காணியிடம் கடன்பட்டுத் தன் உடலையே முதலிட்டான். முன்னவர்க்குப் பங்கு இலாபம் கிட்டியது. பின்னவன் மக்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையும் இல்லையாயிற்று.

தனியாரை விலக்கி அரசு ஏற்றால் எல்லாம் நேராகும் என்பாரும் உளர். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அக்காலத்திலேயே தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பெற்றது. முதலாளி இருமுறை மாறியும், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை பல இடங்களில் மாறவில்லை. ஆதலின், முதல் யாருடையது என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வியே. பயன் யாரைச் சேர்ந்தது என்பதே மற்றைப் பாதி.

எமது ஊரைத் தழுவிச் செல்லும் மகாவலியை நோக்குவோம். 1976இற் பொல்கொல்லையில் அதன் நீர் வடக்கே திருப்பப்பட்டது. பின்னர் பிரித்தானியாவின் கொடையால் விக்டோரியா அணையும், சுவீடனின் உதவியாற் கொத்மலை அணையும் எழுந்தன. இரண்டும் 1985இல் திறந்துவைக்கப்பெற்றன. ஒவ்வொன்றும் இருநூறு மெகாவாற்றுக்கு மேற்பட்ட மின்வலு உடையது. நாட்டுக்கு அவை ஆற்றிய நன்மையை மறுப்பது நன்றிகேடாகும். ஆனால், பழைய தெல்தெனிய நகரும் கொத்மலைப் பள்ளத்தாக்கின் ஊர்களும் நீரில் மூழ்கின. அவற்றை விட்டுச் சென்ற மக்களும் இத்திட்டத்தின் முதலீட்டாளரே. கொத்மலை நீர் கொழும்புக்கு ஒளியூட்டிய நாளிலும், அதனைச் சூழ்ந்த லயன்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

பிறநாட்டுப் பணமனைத்தும் ஒரு தன்மையதன்று என்பதையும் இளைஞர் அறிதல் வேண்டும். கொடை வேறு, குறைந்த வட்டிக்கு நீண்ட தவணையில் வரும் கடன் வேறு, சந்தையில் உயர்ந்த வட்டிக்குப் பெறும் பிணைமுறிக் கடன் வேறு. மூன்றாம் வகைக் கடன் மலிந்தமையும், வரி வருவாய் குன்றியமையும், அந்நியச் செலாவணி வற்றியமையும் சேர்ந்தே 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாதென அறிவிக்கும் நிலைக்குக் கொணர்ந்தன. அதற்கு முன்பே, 2017இல், அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் சென்றது. கடன் வாங்கியவர் சிலர். பாணுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர் பலர்.

எனவே, முதலீடு எதுவாயினும் மூன்று கேள்விகளுக்கு விடைகூறாமல் அதனை வரவேற்றல் ஆகாது. சுமையை யார் தாங்குவர்? பயனை யார் பெறுவர்? ஒப்பந்தத்தை மக்கள் படித்தறிய இயலுமா? இவற்றைக் கேட்பது வளர்ச்சிக்குப் பகையன்று; வளர்ச்சிக்குக் காவலாகும்.

கேட்கத் தெரிந்த மக்களை ஆக்குவது கல்வி. இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளிலேதான். அதன் பின்னர் சுவீடனும் ஜேர்மனியும் மலையகக் கல்விக்கு உதவின. ஜேர்மனியின் துணையுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பலர் பயிற்சி பெற்றுத் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கே கற்பிக்கின்றனர். அணைக்கட்டுக்குச் செலவிட்டதோடு ஒப்பிட்டால் இது சிறுதொகை. எனினும், மூன்றாவது முதலை இட்டோரின் வழித்தோன்றலை நேரே சென்றடைந்த முதலீடு இதுவென நாம் துணிந்து கூறுவோம்.

பழைய மாணவ அன்பர்களே! வணிகத்திலும் வைத்தியத்திலும் வங்கித் துறையிலும் கடல் கடந்த நாடுகளிலும் நீவிர் சிறந்து விளங்குவது எமக்குப் பெருமை. உங்கள் படிப்புக்கு உங்கள் பெற்றோர் மட்டும் செலவிடவில்லை. கொழுந்து பறித்த கைகளும் திறைசேரியை நிரப்பியே உங்களைப் படிப்பித்தன. விழாவின் நினைவாக வளைவும் கோபுரமும் எழுப்புவதினும், கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியரின்றி வாடும் தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளை உயர்தர வகுப்பில் அமர்த்த ஒரு நிதியம் அமைத்தல் நன்று. அவர்தம் பஸ் கட்டணம், நூல், விடுதிச் செலவு ஆகியன அதனின்று வழங்கப்பெறுக. அரசாங்கத்திடமும் கம்பனியாரிடமும் நாம் கேட்கும் அதே ஒழுங்குடன், அந்நிதியின் கணக்கும் ஆண்டுதோறும் அச்சேறி யாவர் கைக்கும் வந்து சேர்வதாக.