பாரிஸ் ரொட்டியும் நம்ம ஊர் பேக்கரி போர்டும்

பாரிஸ் என்றதும் அம்பத்தூர் நண்பர்கள் ஈஃபில் டவரைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துப் போனதற்குக் காரணம் ரொட்டி. மகள் அங்கே வேலையில் இருந்த மூன்று வருஷத்தில் நானும் மனைவியும் இரண்டு தடவை போய்த் தங்கினோம். காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் கடை வரிசையில் நின்று, சூடு ஆறாத பகெத்தை வாங்கி வருவது என் டியூட்டி. பகெத் என்பது கைத்தடி மாதிரி நீளமான ரொட்டி. வீடு வந்து சேருவதற்குள் அதன் நுனி என் வாய்க்குள் போயிருக்கும்.

நம் தலைமுறைக்கு ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. டாக்டர் "பால், பிரெட் கொடுங்க" என்றால்தான் வீட்டுக்குள் வரும். மற்றபடி டீக்கடையில் பன், பொறை. அப்படி வளர்ந்தவன் வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று ஒரு ரொட்டியைக் கடித்தால் சும்மா இருப்பானா? மனைவி அதையும் இட்லி மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தொட்டுச் சாப்பிட்டாள். நன்றாகவே இருந்தது.

இதில் என்ன மாயம் என்று விசாரித்தேன். தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவனுக்கு அது பழக்கதோஷம். மாயம் ஒன்றும் இல்லை, சட்டம் இருக்கிறது. 1993-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. 'பாரம்பரிய ரொட்டி' என்று சொல்லி விற்க வேண்டுமானால் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அடிப்படை. ரசாயனச் சேர்மானம் கூடாது, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. 1998-இல் இன்னொரு சட்டம். பிசைவது, புளிக்க விடுவது, உருட்டுவது, சுடுவது எல்லாம் அந்தக் கடையிலேயே நடந்தால்தான் 'பூலான்ஜெரி' என்று, அதாவது ரொட்டிக்கடை என்று, போர்டு மாட்டலாம். எங்கேயோ செய்த உறைந்த மாவை வாங்கிச் சுடுகிறவர் தாராளமாக விற்கலாம். ஆனால் அந்தப் பெயர் அவருக்குக் கிடையாது.

இதோடு வருஷா வருஷம் பாரிஸ் நகராட்சி சிறந்த பகெத்துக்குப் போட்டி நடத்துகிறது. நீளம், எடை எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. உப்பு ஒரு கிலோ மாவுக்கு 18 கிராம். யார் செய்தது என்று தெரியாமலேயே நடுவர்கள் ருசி பார்ப்பார்கள். ஜெயித்தவருக்கு 4,000 யூரோ பரிசு. ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி அனுப்பும் பெருமையும் அவருக்குத்தான்.

2023-இல் அந்தப் பரிசை வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா. ஆமாம், நம்ம ஆள், இலங்கைத் தமிழர். 2006-இல் பிரான்ஸ் போனவர், அங்கேதான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அடுத்த வருஷம் ஒலிம்பிக் ஜோதியை ஏந்தி ஓடும் கௌரவமும் கிடைத்தது. லா ஷப்பேல் பக்கம் போனால் தமிழ்க் கடைகளாக இருக்கும். ரொட்டியை அவர்கள் 'பாண்' என்பார்கள், பேக்கரியை 'வெதுப்பகம்' என்பார்கள். எவ்வளவு அழகான சொல்! நாம்தான் விட்டுவிட்டோம்.

தர்ஷனுக்கு முன்பே, பூர்வீகம் செனகலைச் சேர்ந்த ஜிப்ரில் போதியான் 2010, 2015 என்று இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர் பெருமைப்படும் க்ருவாசானுக்குக்கூட வியன்னாதான் மூலம். 1830-களின் கடைசியில் ஓர் ஆஸ்திரியாக்காரர் பாரிஸில் கடை போட்டுப் பரப்பியது. கைப்பக்குவம் எந்த நாட்டுக்காரருக்கும் வரும். அதைக் காப்பாற்றுவது விதியும், தினமும் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரும்தான்.

இப்போது நம் பக்கம் வருவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே பார்த்தாலும் பேக்கரி போர்டுகள். எத்தனை கடையில் அடுப்பு இருக்கிறது? எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நாலு மணிக்குத் தேங்காய் பன் வெந்தால் தெருவே மணக்கும். இப்போது அதே போர்டு, அதே பெயர், ஆனால் சரக்கு எல்லாம் வேனில் வருகிறது. அடுப்பு இருந்த இடத்தில் கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜ். அதோடு சேர்ந்து, விடிகாலை எழுந்து மாவு பிசைந்த இரண்டு மாஸ்டர்களுக்கும் வேலை போயிற்று. ஒரு கைத்தொழில் சத்தமில்லாமல் போவது இப்படித்தான்.

"நம்ம ஊரில் சட்டம் போட்டால் மாமூல்தான் கூடும்" என்பீர்கள். நியாயமான பயம். ஆனால் நான் தடை எதுவும் கேட்கவில்லை. ஃபேக்டரி பிரெட்டுக்கும் இடம் உண்டு, விலையும் மலிவு. 'இங்கேயே சுட்டது' என்று எழுதும் உரிமை அடுப்பு உள்ளவருக்கு மட்டும் இருக்கட்டும் என்கிறேன். முடியாத காரியம் இல்லை. உதிரி இனிப்புகளை எத்தனை தேதிக்குள் சாப்பிடலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என 2020-இல் விதி வந்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் ஊட்டி வர்க்கிக்கும் புவிசார் குறியீடு வாங்கி விட்டோம். ஊரின் பெயரைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, அன்றன்று செய்கிறவரின் பெயரைக் காப்பாற்றவும் முடியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் வயதுக்காரர்களுக்கு நேரம் இருக்கிறது, சாயங்கால நடையும் இருக்கிறது. கடைக்குப் போனால் "எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பாதி பன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைப் பேரனுக்குக் கொடுங்கள். சூடான ரொட்டி எப்படி மணக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும்.