ஓய்வு நேரம் ஈன்ற பயன்



பாடநூலுக்குப் புறம்பான ஒன்றில் பிள்ளைகள் மனம் தோய்ந்தால், "இது சோறு போடுமா?" என்று நாம் கேட்டுவிடுகிறோம். அக்கேள்வியை எண்ணிப் பார்க்கச் செய்யும் வரலாறு ஒன்று, மதுரைக்கு வடமேற்கே கோடைமலையில் உண்டு.

தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் எளிதில் மறக்கவில்லை. 1876 முதல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டோ என அறிஞர் ஆராயத் தலைப்பட்டனர். 1899இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட அதுவும் ஒரு காரணமாயிற்று.

1907இல் அங்குப் பணியேற்க வந்தவர் ஜான் எவர்ஷெட். 1864இல் இங்கிலாந்தில் பிறந்த இவருக்கு, அதுவரை வானியல் பிழைப்புக்கான தொழிலாக இருந்ததில்லை. தொழில் நிறுவனமொன்றில் ஊழியம் செய்துகொண்டே, ஓய்வு கிட்டியபோதெல்லாம் தாமே அமைத்த சிறு ஆய்வகத்தில் சூரியனை ஆராய்ந்தார். 1898இல் முழுச் சூரிய கிரகணத்தைக் காண்பதற்காகவே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

1908இல் அமெரிக்க அறிஞர் ஹேல், கரும்புள்ளிகளில் காந்த ஆற்றல் இருப்பதைக் கண்டறிந்தார். அங்கே வாயு சூறாவளிபோல் சுழல்வதாகப் பலரும் கருதிய காலம் அது. 1909 ஜனவரி 5ஆம் நாள், எவர்ஷெட் கரும்புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படமெடுத்தார். நிற்காமல் ஓடும் ரயிலின் ஊதல், நெருங்கும்போது ஓங்கிய சுருதியிலும், கடந்தபின் தாழ்ந்த சுருதியிலும் கேட்கிறதன்றோ? ஒளிக்கும் அத்தகைய இயல்பு உண்டு. நிறமாலைக் கோடுகள் இம்மியளவு விலகியிருந்ததை அவர் அளந்தார். வாயு, புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும் வெளிநோக்கி, நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் விரைவில் பாய்வது புலனாயிற்று. பிறர் கருத்துக்கு ஏற்பத் திரிக்காமல், கண்டதைக் கண்டவாறே எழுதினார். 'எவர்ஷெட் விளைவு' என உலகம் அதை அழைக்கிறது.

1911 முதல் 1923 வரை அவரே அவ்வாய்வுக்கூடத்தின் இயக்குநர். ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பியபின் மீண்டும் சொந்த ஆய்வகம் அமைத்தார், 1956இல் மறைந்தார். 2008இல் இந்திய அஞ்சல்துறை இக்கண்டுபிடிப்புக்குத் தபால்தலை வெளியிட்டது.

கரும்புள்ளியைக் கொண்டு மழையை முன்னறிவிக்கும் வழி கிட்டவில்லை. எனினும் கோடைமலையில் நூறாண்டுக்கு மேலாகத் திரட்டப்பெற்ற சூரியப் படங்கள் இன்றும் ஆய்வாளர்க்குப் பெருஞ்செல்வம்.

பெற்றோரே, வெறுங்கண்ணால் சூரியனை நோக்கலாகாது எனப் பிள்ளைகளுக்குக் கண்டித்துச் சொல்லுங்கள். ஆனால் அவர்களது ஆர்வத்தைக் கண்டிக்க வேண்டாம். "இது சோறு போடுமா?" என்னுமுன், "நீ கண்டது என்ன?" என்று ஒருமுறை கேட்போமாக.