ஒரு பயாப்சியும் பழுப்புப் புள்ளிகளும்

மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வளரும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். பெரும்பாலும் சாதுவான கட்டிதான். அறுவை சிகிச்சையில் எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட்டில் 'கிரேடு 1' என்று வந்தால் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். 'கிரேடு 2' என்றால் கதை வேறு. கட்டி திரும்ப வளரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கதிர்வீச்சு கொடுக்கலாமா என்ற பேச்சு தொடங்கிவிடும்.

இந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது பல நேரங்களில் ஒரு சின்ன எண்ணிக்கைதான். மைக்ரோஸ்கோப்பில் அதிக உருப்பெருக்கம் வைத்து, அடுத்தடுத்து 10 இடங்களைப் பார்ப்பார்கள். அவற்றில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மொத்தம் 4 இருந்தால் கிரேடு 2. எண்ணிக்கை 20 ஆகிவிட்டால் கிரேடு 3.

மூன்றா, நான்கா? ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்தால் போதாதா என்று தோன்றும். போதாது.

ஒரு மனித செல்லில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். ஆள் உயரத்தைவிட அதிகம். அது அடங்கிக் கிடக்கும் உட்கருவோ, கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. இவ்வளவு நீள நூல் அங்கே சிக்காமல் கிடக்கக் காரணம் ஹிஸ்டோன் என்ற புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு குட்டி நூல்கண்டு மாதிரி நிற்க, டி.என்.ஏ. அதை ஒன்றரைச் சுற்றுக்கும் கொஞ்சம் மேலாகச் சுற்றிக்கொள்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான கண்டுகள். 1884-ல் ஆல்பிரெக்ட் கோசல் வாத்து இனப் பறவையின் ரத்த செல்களில் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தபோது, அது சும்மா நூல் சுற்றும் கட்டை மட்டும் இல்லை என்று யாருக்கும் தெரியாது.

சாதாரண நாட்களில் இந்த நூல் கொஞ்சம் அவிழ்ந்துதான் கிடக்கும். செல் தனக்கு வேண்டிய மரபணுவைப் படிக்க அதுதான் வசதி. ஆனால் செல் இரண்டாகும்போது? வீடு காலி செய்கிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரமும் துணியும் புத்தகமும் பரத்திக் கிடந்தால் லாரியில் ஏற்ற முடியுமா? எல்லாம் மூட்டையாக வேண்டும். அதுபோல டி.என்.ஏ. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிறகு இறுகிச் சுருண்டு 46 குரோமோசோம்களாகத் திரள்கிறது. ஒவ்வொன்றும் இரட்டை. ஒரு பாதி இந்த செல்லுக்கு, மறுபாதி அந்த செல்லுக்கு. சரியாக இறுகாவிட்டால் நூல் சிக்கும், அறும், பங்கு பிசகும். பங்கு பிசகிய செல் பல சமயம் செத்துப்போகும். சாகாமல் பிழைத்துக்கொண்டால் அது அதைவிட ஆபத்தாக முடியலாம்.

மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர் தேடுவது இந்த இறுகிய மூட்டைகளைத்தான். வழக்கமான சாயத்தில் அவை கரு நீலத் திட்டுகளாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், சாகும் செல்லின் உட்கருவும் சுருங்கி அதே கரு நீலத்தில்தான் தெரியும். துண்டு எடுக்கும்போது நசுங்கிப்போன செல்லும் அப்படித்தான். பிறப்பும் சாவும் ஒரே முகமாக இருந்தால் எதை எண்ணுவது?

இங்கேதான் ஹிஸ்டோன் உதவிக்கு வருகிறது. எட்டில் இரண்டு, எச்3 என்ற வகை. அதற்கு ஒரு வால் உண்டு. கண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலின் நுனியிலிருந்து எண்ணினால் 10-வது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம். செல் பிரிவதற்குச் சற்று முன்பு, அரோரா பி என்ற நொதி அங்கே ஒரு பாஸ்பேட்டை ஒட்டத் தொடங்கும். மூட்டை இறுக இறுக, குரோமோசோம்கள் முழுக்க இந்தப் பாஸ்பேட் பரவும். பங்கு பிரித்து முடிந்ததும் வேறொரு நொதி வந்து அதைக் கழற்றிவிடும். செல் பிரியும்போது எச்3-ல் பாஸ்பேட் ஏறுவதை 1970-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கர்லி குழுவினர் எலி இனச் செல்களில் பார்த்தார்கள். 1997-ல் இந்த 10-வது இடத்துப் பாஸ்பேட்டை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி வந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர் டேவிட் ஆலிஸ்.

அப்புறம் தொடங்கியது சுவாரஸ்யமான வழக்கு. மூட்டையை இறுக்கிக் கட்டுவதே இந்தப் பாஸ்பேட்தானா? அல்லது 'கட்டியாச்சு' என்று மூட்டைமேல் போடும் சாக்பீஸ் குறி மட்டும்தானா? டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியில் அந்த 10-வது செரினை ஆலிஸ் குழுவினர் மாற்றிப் பார்த்தார்கள். குரோமோசோம்கள் சரியாக இறுகவில்லை, பங்கும் பிசகியது. சரி, தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தால், ஈஸ்ட்டில் அதே மாற்றத்தைச் செய்தபோது ஈஸ்ட் எதுவும் நடக்காதது போல வளர்ந்தது! மூட்டை கட்டும் பெரிய வேலையைச் செய்வது கண்டென்சின் என்ற புரதக் கூட்டம். டி.என்.ஏ.வை வளையம் வளையமாக இழுத்து மடிப்பது அதுதான். 2005-ல் வேறொரு வேலையும் தெரிந்தது. எச்3 வாலில் 9-வது இடத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் எச்.பி.1 என்ற புரதத்தை, பக்கத்தில் வந்து ஒட்டும் இந்தப் பாஸ்பேட் கிளப்பிவிடுகிறது. ஆக, கட்டுபவர் என்று சொல்வதைவிட, இடத்தைக் காலி செய்து தருபவர் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

பயாப்சி பார்ப்பவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு அவசரமில்லை. கட்டினாலும் குறி போட்டாலும், பிரியும் செல்லில் இது இருக்கிறது, சாகும் செல்லில் பொதுவாக இல்லை. அது போதும். சந்தேகம் வந்தால் அந்த ஆன்டிபாடியைப் போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள். வெளிர் நீலப் பின்னணியில், பிரியும் செல்கள் மட்டும் பழுப்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும்.

அந்தப் பழுப்பை அப்படியே எண்ணி கிரேடு போட்டுவிட முடியாது. பழைய சாயத்தில் கண்ணுக்குத் தப்பும் செல்களும் இதில் மாட்டுவதால் எண்ணிக்கை கூடுதலாக வரும். 4 என்ற எல்லையோ பழைய சாயத்தை வைத்துப் போட்டது. அதனால் எங்கே அடர்த்தி அதிகம் என்று பழுப்பில் பார்த்துக்கொண்டு, அதே இடத்துக்குப் பழைய ஸ்லைடில் திரும்பிப் போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று மறுபடி எண்ண ஆரம்பிப்பார்கள்.