தள்ளிப் போனால் மலிவாம்

"ஈப்போ சிலிபினில் உட்கார்ந்துகொண்டு ஏன் இவ்வளவு வாடகை கட்டுகிறீர்கள்? கொஞ்சம் தள்ளிப் போனால் அதே காசுக்குச் சொந்த வீடே வாங்கலாமே!" கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வீடு விற்கும் ஏஜெண்டின் மேசையிலும் இப்போது இதே பேச்சுதான். சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, கோப்பெங் என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். இன்னும் துணிந்தவர்கள் ஈப்போவையே கோலாலம்பூரின் புறநகராக்கிவிடுகிறார்கள். ஈப்போவில் வீடு, கே.எல்.லில் சம்பளம், நடுவில் இ.டி.எஸ். ரயில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போடும்போதுதான் இடிக்கிறது.

முதலில் அந்த ரயிலை அனுப்பிவிடுவோம். 2010 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய இ.டி.எஸ். நல்ல ரயில். தீபாவளிக்கு ஊர் திரும்ப அதைவிட நிம்மதியான வழி இல்லை. ஆனால் தூரம் சுமார் 200 கிலோமீட்டர், நேரம் ஏறக்குறைய இரண்டரை மணி. போக வர ஐந்து மணி நேரத்தை எட்டு மணி நேர வேலையோடு கூட்டுங்கள். கே.எல். சென்ட்ரலில் இறங்கியவுடன் பிடிக்க வேண்டிய இன்னொரு ரயிலையும் கூட்டுங்கள். வாரம் ஒரு நாள் முகம் காட்டினால் போதும் என்கிற கணினி வேலைக்காரருக்கு இது ஒத்துவரலாம். கிடங்கிலும் மருத்துவமனை வார்டிலும் ஜாகா வேலையிலும் நிற்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வதுதான் அநியாயம்.

"ரயிலை விடுங்கள். வேலை ஈப்போவில், வீடு மட்டும் வெளியே" என்பது அடுத்த வாதம். இது கொஞ்சம் வலுவானது, ஆகவே பொறுமையாகப் பார்க்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் ஒரு தரை வீடு ஈப்போவைவிட 50,000 வெள்ளி குறைவு என்றே வைத்துக்கொள்வோம். 35 ஆண்டுக் கடனுக்கு 4 விழுக்காடு வட்டி என்றால், அந்த 50,000 மாதத் தவணையில் மிச்சப்படுத்துவது ஏறத்தாழ 220 வெள்ளி. இனி சாலைக்கு வருவோம். ஒரு வழிக்குச் சுமார் 28 கிலோமீட்டர், போக வர 56. மாதம் 26 நாள் வேலைக்கு 1,456 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 121 லிட்டர் குடிக்கும். மானிய விலை 1.99 வெள்ளி என்று போட்டாலும் 241 வெள்ளி. வீட்டில் மிச்சம் பிடித்தது எண்ணெய்க்கே போய், மேலே இருபது வெள்ளி கடனும் நிற்கிறது. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், ரோடு டேக்ஸ் எதையும் நான் இன்னும் தொடவில்லை. கணவருக்குக் காலை ஷிஃப்ட், மனைவிக்கு மாலை ஷிஃப்ட் என்றால் இரண்டாவது கார் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில் இரண்டாவது காரின் தவணை சின்னச் செலவு அல்ல.

"மோட்டாரில் போனால் என்ன?" போகலாம், எண்ணெய்ச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் மலேசியச் சாலைகளில் உயிர் விடுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் வந்தவர்கள். சாயங்கால மழையில் கல் லாரிகளுக்கு நடுவே தினமும் அந்தச் சாலையில் வா என்று ஒருவரிடம் சொல்லும்போது, அதையும் விலைப்பட்டியலில் எழுதிக் காட்டுவதுதான் நேர்மை. பஸ்ஸா? மேடான் கிட்டிலிருந்து வெளியூர்களுக்குப் பஸ் இருக்கிறதுதான். இரவு ஷிஃப்டுக்கு அது துணை வராது.

இந்த ஊர்கள் ஏன் மலிவாக இருக்கின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் சிற்றூர்கள் பல, ஈயம் எடுத்த காலத்தில் வேலையைச் சுற்றி எழுந்தவை. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. 1982இல் ஓய்ந்த அதன் மேல் ஏறி நின்று இன்று படம் எடுத்துக்கொள்கிறோம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்ததும் விலை சரிந்தது, மிச்சமிருந்த சுரங்கங்களும் மூடத் தொடங்கின. மூன்று ஆண்டு கழித்து ஈப்போவுக்கு மாநகர் என்ற பட்டம் வந்தது. பிள்ளைகளோ கே.எல்.லுக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்திய பாப்பான் ஊர்த் தெருவில் இப்போது கடைவீட்டுச் சுவர்களில் மரம் முளைத்து நிற்கிறது. மலிவு வேண்டுமென்றால் அதைவிட மலிவு எங்கே கிடைக்கும்? வேலை போன இடத்தில் விலை இறங்குகிறது. இறங்கிய விலைக்கு வாங்குகிறவர் அந்த வேலையைத் தேடித் தினமும் வெளியே ஓடுகிறார்.

"நம் ஆட்கள் தோட்டத்தில் இருந்தவர்கள்தானே? டவுனுக்கு வெளியே வாழ்வது நமக்குப் புதுசா?" என்று பெரியவர்களே கேட்கிறார்கள். எனக்கு மிகவும் ஒவ்வாத வாதம் இதுதான். தோட்டம் டவுனுக்கு வெளியே இருந்தது உண்மை, ஆனால் அது வேலைக்கு வெளியே இருக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நடந்தே போனார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில், பெரிய பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், சாமி தோட்டத்து மாரியம்மன் கோயிலில். லயத்து வீடு வசதியான வீடு அல்ல, அதற்காக நான் ஏங்கவும் இல்லை. கூலியைப் பெட்ரோலுக்குக் கொடுக்கிற தொல்லை மட்டும் அங்கே இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டியது தோட்டங்களை வாங்கத்தான். வேலையோடு ஒட்டிய நிலத்தைக் காப்பாற்ற நினைத்தவரின் ஊரை, வேலையில்லாத வீட்டுக்கு விளம்பரமாக்குவது விசித்திரமாக இருக்கிறது.

"அங்கேயும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது" என்கிறார்கள். இதை ஒப்புக்கொள்கிறேன். நாட்டிலேயே அதிகமாக, 134 தமிழ்ப்பள்ளிகள் பேராவில்தான் இருக்கின்றன. சுங்கை சிப்புட்டின் மகாத்மா காந்தி கலாசாலையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேள்வி வேறு. அப்பாவும் அம்மாவும் இருட்டோடு ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டால், மத்தியானம் பள்ளி விட்டதும் பிள்ளையை யார் கூட்டி வருவது? கடைசியில் பிள்ளை சிலிபினில் பாட்டி வீட்டில் வளர்கிறது, புது வீட்டில் பூட்டு தொங்குகிறது. பாட்டிக்கு முடியாமல் போனால் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஈப்போ பைனுன் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். சிலிபினிலிருந்து அது ஒரு சின்ன கிராப் சவாரி.

"நாளைக்கு விலை ஏறும்" என்பதற்கு இரண்டு வரி போதும். கிராண்டில் 99 ஆண்டுக் குத்தகையா, அதில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். புதுத் தாமான் பாதியில் கைவிடப்பட்டால் வீடு வராது, வங்கிக் கடன் மட்டும் வரும்.

தள்ளிப் போனால் மலிவு என்ற கூற்று பலிக்கிற ஊர் பேராவில் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கே.எல். பக்கத்திலிருந்து வரும் கம்யூட்டர் ரயில் தஞ்சோங் மாலிமில் முடிகிறது. அங்கே வீடு வாங்கி தெற்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியது ரயில் மட்டுமல்ல. 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகமும், 2003இல் திறந்த புரோட்டோன் கார் தொழிற்சாலையும் அங்கேயே சம்பளம் கொடுக்கின்றன. தஞ்சோங் மாலிமைக் காட்டி உங்களிடம் சுங்கை சிப்புட்டில் வீடு விற்க வருகிறவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். அங்கே எந்தத் தொழிற்சாலை எந்த ஆண்டு திறக்கப் போகிறது, எத்தனை பேரை எடுக்கும் என்று கேளுங்கள். பதில் இருந்தால் வீட்டு விலையைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.