மாவுக்கட்டு மட்டும் போதாது
காலாப்பட்டுப் பகுதிப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: புதுச்சேரி அரசின் சுகாதாரம், பள்ளிக் கல்வி, சமூக நலத் துறைகள்

எலும்புப்புரை பாட்டிமார்களுக்கு வரும் நோய் என்றுதான் ஊரில் பேச்சு. எங்கள் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. சிலருக்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, பிறவியிலேயே எளிதில் முறியும் எலும்பு. சிலர் நெஃப்ரோடிக் என்னும் சிறுநீரக நோய்க்கோ டூஷென் தசைச்சிதைவுக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள். மூளை முடக்குவாதத்தால் நடக்காமலே வளர்கிறவர்களும் உண்டு. கை முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறார்கள், சில வாரத்தில் வெட்டி எடுக்கிறார்கள். ஏன் முறிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கேட்டாலும் தாயைத்தான் கேட்கிறார்கள்: "புள்ளைய அடிச்சியா?" மூன்றாவது முறிவுக்குப் புத்தூர் கட்டு தேடிப் போகிறவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

முதலில் முறிவுகளுக்கு ஒரு கணக்கு வேண்டும். பலத்த அடி எதுவும் படாமல் முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தால், வேறு நோயும் அங்கே இல்லையென்றால், அதுவே எலும்புப்புரைக்குச் சான்று. இல்லையேல் 10 வயதுக்குள் இரண்டு, 19 வயதுக்குள் மூன்று நீள எலும்பு முறிவுகளோடு எலும்பு அடர்த்தியும் குறைந்திருக்க வேண்டும். உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது. இங்கே எண்ணுவது யார்? காலாப்பட்டும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் டவுனுக்குப் போக பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டைக் கடக்கிறோம். ஒரு முறிவின் சீட்டு புதுச்சேரியில், அடுத்தது தமிழ்நாட்டில். தடுப்பூசி அட்டை போல முறிவு அட்டை ஒன்று கொடுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் அது செல்ல வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுங்கள். கண்ணி நசுங்கியும் வலியே தெரியாத பிள்ளைகள் நிறைய. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்தால் பெரியவர்களுக்கான டி-ஸ்கோரை எழுதித் தராதீர்கள். வேண்டியது அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர், அதுவும் உயரத்தைக் கணக்கில் எடுத்து. இல்லாவிட்டால் குள்ளமான பிள்ளையின் எலும்பு இருப்பதைவிட மெலிவாகத் தெரியும்.

மருந்து இல்லாத நோய் அல்ல இது. மான்ட்ரியாலில் ஃபிரான்சிஸ் குளோரியூ குழுவினர் பிறவி எலும்பு நோயுள்ள குழந்தைகளுக்கு பாமிட்ரோனேட் செலுத்திக் கண்ட பலனை 1998இலேயே வெளியிட்டார்கள். இப்போது சோலெட்ரானிக் அமிலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றினால் போதும். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்தப் பிறவி நோய்க்கு இடமுண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதன் சிறப்பு மையங்களில் ஒன்று. நோயை உறுதிசெய்ய ஒருமுறை எழும்பூர் போகிறோம், சரி. ஒவ்வொரு டிரிப்ஸுக்கும் காலில் கட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆரில் சென்னை போக முடியாது. அதைப் புதுச்சேரியிலேயே ஏற்றுங்கள். ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்த பிள்ளை அந்தக் கொள்கைக்குள் வராது. அதற்குப் புதுச்சேரி அரசின் நிதியை ஒதுக்குங்கள்.

டிரிப்ஸுக்கு முன் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம். முதல் தடவை காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், கால்சியம் இறங்கலாம் என்பதை முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். சொல்லாததால் பயந்துபோய் இரண்டாவது டிரிப்ஸுக்கே வராத குடும்பங்கள் எங்களில் உண்டு.

பள்ளியில் காலையில் தரும் பால் ஒருநாளும் நிற்கக் கூடாது. 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பரிந்துரை. ஒரு டம்ளர் பாலில் அதில் கால் பங்குதான் கிடைக்கும். முள்ளோடு தின்னும் நெத்திலி எங்கள் கரையில் கிடைக்கிறது, அது எங்கள் பாடு. பாலும் மீனும் மட்டுமே இந்த நோயைத் தீர்க்கும் என்று யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வகுப்பறை தரைத்தளத்தில் இருக்கட்டும். ஆசிரியர்கள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதற்காக விளையாட்டையே நிறுத்திவிடாதீர்கள், அசையாத எலும்பு இன்னும் மெலியும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை பி.டி. வகுப்பிலேயே செய்ய விடுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் எலும்புப்புரையின் பெயர் இல்லை. கட்டுப் பிரித்த நாளில் போனால் "நல்லாத்தானே நடக்குது" என்று சான்றிதழ் மறுக்கிறார்கள். முறிவு அட்டையை வைத்து மதிப்பிடுங்கள்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பேச வருகிறவர்கள் காலாப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரட்டும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.