மெல்லிய நரம்பு வீரர்கள்

கனடாவின் வடகோடியில் உள்ள கிரேட் பேர் ஏரியில், 1995-ல் ஒருவர் தூண்டிலில் 72 பவுண்டு எடையுள்ள ஏரி டிரௌட் அகப்பட்டது. அந்தக் குளிர்ந்த நீரில் மீன் மிக மெதுவாகத்தான் வளரும். பெரிய மீனுக்குப் பல பத்தாண்டு வயதிருக்கும். பிடிக்கிறவரைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம். அதை மெல்லிய கோலாலும் இழை போன்ற நரம்பாலும் பிடிப்பதுதான் வீரம் என்கிறார்கள் சில கனவான்கள்.

வீரமா இது? மெல்லிய நரம்பை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். ஆகவே மீன் சோர்ந்து விழும்வரை நெடுநேரம் அலைக்கழிக்க வேண்டும். பிறகு படம் எடுத்துக்கொண்டு, 'உயிரோடு விட்டுவிட்டேன்' என்பார்கள். விட்டது வாஸ்தவம், அது பிழைத்ததா என்று யார் பார்த்தார்கள்?

கெட்டியான கோல், உறுதியான நரம்பு, எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள் - இவை போதும். சீக்கிரம் இழுத்து, தண்ணீரில் வைத்தபடியே முள்ளைக் கழற்றிவிடலாம். தின்ன வேண்டுமா? சிறியதாக ஒன்றைப் பிடித்துத் தின்னுங்கள். நான் குறை சொல்லமாட்டேன். கிழவரை மூச்சுத் திணற வைத்துப் பயில்வான் பட்டம் வாங்குவதைத்தான் சகிக்க முடியவில்லை.